பச்சை விளக்கை நம்பலாமா?

நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். "அப்படி என்னதாம்மா வேலை?" என்று மாமியார் கேட்கும்போதெல்லாம், "ராத்திரி நாம தூங்கும்போது கம்ப்யூட்டர் தானே சமைக்கும் அத்தை, நான் அதுக்குச் சமையல் குறிப்பு எழுதறேன்" என்பேன். அந்தக் குறிப்புக்குப் பேட்ச் ஸ்கிரிப்ட் என்று பெயர். புரோகிராமை உருவாக்கு, சோதித்துப் பார், அனுப்பும் இடத்தில் வை என்று வரிசையாக எழுதியிருக்கும்.

ஒரு சங்கடம். விண்டோஸில் ஓடும் இந்த ஸ்கிரிப்ட், நடுவில் ஒரு வேலை கெட்டாலும் தானாக நிற்காது. அரிசி வேகவில்லையா, பரவாயில்லை என்று இலை போட்டுவிடும்! கடைசி வரி ஒழுங்காக முடிந்தால் திரையில் பச்சை விளக்கு.

போன வருஷம் மருந்துக் கடை பில் போடும் புரோகிராமில், காலாவதியான மருந்தை விற்கவிடாமல் தடுக்கும் திருத்தம் ஒன்று போக வேண்டியிருந்தது. அன்றிரவு உருவாக்கும் கட்டமே தோற்றுவிட்டது. ஆனால் முந்தின நாள் ஃபைல்தான் அங்கேயே இருந்ததே! ஸ்கிரிப்ட் அதையே எடுத்து வைத்துவிட்டுப் பச்சை காட்டியது. காலையில் ஃபைலின் தேதியைப் பார்த்து என் தோழி கண்டுபிடித்தாள். இல்லாவிட்டால் கடைகளுக்குப் பழசுதான் போயிருக்கும். பல வருஷங்களுக்கு முன் யாரோ எழுதிய ஸ்கிரிப்ட். திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஆரம்பத்திலேயே பழைய ஃபைலை அழிக்கச் சொன்னேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் 'இஃப் எரர்லெவல் 1 எக்ஸிட் /பி 1' என்று ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு வேலையும் முடியும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். அது 1 அல்லது அதற்கு மேல் என்றால், அங்கேயே நின்று தோல்வி என்று சொல்லிவிடும்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போட முடியாது. ஃபைல்களை நகலெடுக்க ரோபோகாப்பி என்று ஒன்று உண்டு. சமர்த்தாக நகலெடுத்தாலே 1 என்று சொல்லும்! 8ம் அதற்கு மேலும்தான் நிஜமான தோல்வி. இது தெரியாத இன்னொரு ஸ்கிரிப்ட், நல்லபடி முடிந்த நாளெல்லாம் ராத்திரி 2 மணிக்கு என் போனை அலற வைத்தது. பக்கத்தில் ஒன்றரை வயசுக் குழந்தை! பசி அழுகை எது, பிடிவாத அழுகை எது என்று பிரித்துப் பார்ப்பது நமக்கென்ன புதுசா? அங்கே 1ஐ 8 ஆக்கி, முடிவில் 'எக்ஸிட் /பி 0' எழுதினேன்.

ஒரு பேட்ச் ஃபைல் இன்னொன்றைக் கூப்பிடும்போது 'கால்' என்ற சொல் வேண்டும். விட்டால் போனது திரும்பி வராது, காய் வாங்கப் போன வீட்டுக்காரர் அப்படியே சிநேகிதர் வீட்டுக்குப் போன மாதிரி! மீதி வரிகள் நடக்கவே நடக்காது. அப்படியும் இரண்டு இடம் அகப்பட்டது.

நேற்று ராத்திரி போன் அடித்தது. இந்தத் தடவை நிஜமாகவே உருவாக்கும் கட்டம் தோற்றிருந்தது. ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றிருந்தது. எதுவும் வெளியே போகவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று குழந்தையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.