கண்மாய்க் கரையில் கணக்குப் பாடம்

மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் எத்தனை விதமான வாழ்க்கை! மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. அதற்குக் கீழே வரிசையாகக் கண்மாய்கள், கண்மாய்க்குக் கீழே வயல்கள். சாலையோரம் பஞ்சாலைகள், ஊருக்குள் விசைத்தறிகள். இந்தச் சாலையிலிருந்து பிரிந்து போகும் சிறு சாலைகளில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள், இருபது முப்பது பிள்ளைகள். அப்படியொரு பள்ளியில் நான் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். அந்த ஆண்டுகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது: பாடம் சுவரைத் தாண்டி ஊருக்குள் போனால்தான், ஊர் சுவரைத் தாண்டிப் பள்ளிக்குள் வரும்.

நீரைப் பற்றிய பாடம் எல்லா வகுப்பிலும் உண்டு. நீரின் பயன்கள் ஐந்து, நீரைச் சேமிக்கும் வழிகள் மூன்று என்று பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் கண்மாய் கிடக்கும். அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பெய்து கண்மாய் பெருகும் நாட்களில் நாங்கள் கரைக்குப் போக ஆரம்பித்தோம். தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் எது, வயலுக்குத் திறக்கும் மடை எது, நிரம்பியது வழியும் கலிங்கு எது, மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு எந்த வழியாகப் போகும் என்று பார்த்துக்கொண்டே நடப்போம். பள்ளிக்குத் திரும்பியதும் முற்றத்து மண்ணில் ஊர் வரைபடம் போடுவார்கள். மலையைக் கூழாங்கல்லால் குவிப்பார்கள், ஓடையைக் குச்சியால் கீறுவார்கள். மேலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினால் அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம்தான் அவர்கள் ஊர். மேடு, பள்ளம், நீர்ப்பிடிப்பு எல்லாம் அந்த ஒரு செம்புத் தண்ணீரில் விளங்கிவிடும்.

கரைக்கு எங்களோடு வந்தவர்களில் எனக்கு மறக்க முடியாதவர் ஊரின் நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விட வேண்டும் என்பது அவர் மனதில் இருந்த கணக்கு. பள்ளிக்கூடத்து வாசலை அதிகம் மிதித்தவரில்லை. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவரிடம் கேட்டாள்: “தண்ணி பத்தலேன்னா யாருக்கு மொதல்ல விடுவீங்க தாத்தா?”

“மொத வயக்காரனுக்கே எல்லாத்தையும் விட்டுட்டா கடைமடைக்காரன் எங்க போவான் தாயி? இருக்கிற தண்ணிய நேரம் வச்சுப் பிரிக்கணும். மூணு மணி நேரத் தண்ணி, நாலு ஏக்கரு. ஏக்கருக்கு எவ்வளவு வரும், சொல்லு பாப்போம்.”

பிள்ளைகள் அங்கேயே கூழாங்கல் பொறுக்கினார்கள். மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். நான்காகப் பிரித்தால் ஏக்கருக்கு 45 நிமிடம். அவர் வாயால் சொல்லும் முக்கால் மணி நேரமும், 3-ஐ 4-ஆல் வகுப்பதும், நோட்டில் எழுதும் பின்னமும் ஒன்றே என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். பின்னத்தோடு இன்னொன்றும் அன்றைக்கு அவர்களுக்குள் போனது. குறைவாக இருக்கும்போது நியாயமாகப் பிரிப்பதற்குத்தான் கணக்கு வேண்டும் என்பது அது. பாடநூல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அதை அந்தத் தாத்தாவைப் போலச் சொல்லிவிட முடியாது.

மழையை அளப்பதும் அப்படித்தான். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, பக்கத்தில் அளவுகோலை ஒட்டி, திறந்தவெளியில் வைத்தால் மழைமானி தயார். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரி தெரிந்துவிட்டால் போதும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக் கூரையை அளக்கப் போய்விடும். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். 60 சதுர மீட்டர். ஒரு ராத்திரியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,200 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் 80 குடம். கோடையில் அம்மாவோடு குழாயடியில் வரிசையில் நின்ற பிள்ளைக்கு 80 குடம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. கூரையிலிருந்து இறங்கும் அந்தக் குழாய் எதற்கு என்பதைப் பல வீடுகளில் பெரியவர்களுக்குச் சொன்னது இந்தப் பிள்ளைகள்தான்.

மலையடிவாரத்துப் பிள்ளைகளிடம் இன்னொரு செல்வம் இருக்கிறது. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நாட்டில் 51-ஆவது, தமிழ்நாட்டில் 5-ஆவது, பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் அந்த அணிலைப் பார்க்க வெளியூரிலிருந்து கேமராவோடு அடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்புக்கு வருகிறார்கள். தோப்புக் காவல்காரர் வீட்டுப் பிள்ளைக்கோ அது தினம் பார்க்கும் அண்டை வீட்டு ஜீவன்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படுவான். ஒருநாள் பள்ளிக்குப் பின்னாலிருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்து அணிலைப் பற்றிப் பேசினோம். அது தரைக்கு இறங்க விரும்பாது, கிளையோடு கிளை கோத்துக் கிடக்கும் மரங்களில்தான் தங்கும், ஒரே அணில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் வைத்திருக்கும், நடுவில் ஒரு மரத்தை வெட்டிவிட்டால் அந்தப் பக்கம் போக வழியில்லாமல் தவிக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். அவன் சொன்னதை அவன் சொன்ன பேச்சிலேயே கரும்பலகையில் எழுதினேன். மறுநாள் அவனுக்கு வாசிப்புப் பாடம் அதுதான். தன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அடுத்த சொல் என்னவென்று அவனுக்கு முன்பே தெரியும். அந்தத் தெம்பில் எழுத்தை எழுத்தாகப் பிடித்துக்கொண்டான். எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வந்துவிட வேண்டும் என்று 2022-ல் அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. நோக்கம் உயர்ந்தது. அதற்கு வேண்டிய சொற்கள் பிள்ளைகளின் வாயிலேயே இருக்கின்றன என்பதைத்தான் அந்தப் புளியமரத்தடி எனக்குக் காட்டியது.

தை மாதத்தில் கண்மாயில் பறவை வரும். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரில் பார்த்ததை எண்ணிப் பதியலாம். நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், சங்குவளை நாரை என்று பிள்ளைகள் எண்ணுவார்கள். கூட்டமாக நிற்பதைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணச் சொல்லிக்கொடுத்தால், பத்தின் மதிப்பு என்ற கணக்குப் பாடமும் கூடவே நடந்துவிடும். விடுமுறை நாள் என்பதால் அப்பாக்களும் வருவார்கள். சின்ன வயதில் தாங்கள் பார்த்த பறவைகளில் எது இப்போது வருவதில்லை என்று சொல்வார்கள். அதையும் நோட்டில் எழுதிக்கொள்வோம்.

ஊரில் நடக்கும் தொழில்களும் பாடங்களே. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் மருத்துவமனைக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பாவு எது, ஊடை எது, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று ஒரு துண்டுத் துணியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எண்ணலாம். அப்பாவோ அம்மாவோ நெய்த துணி யாருடைய காயத்தையோ கட்டுகிறது என்று தெரியும்போது அந்த வீட்டுப் பிள்ளையின் முகத்தில் வரும் பெருமிதத்தை நான் பார்த்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலையும் சர்க்கரையையும் முதலில் நிறுத்து, கிண்டி இறக்கியதும் மறுபடி நிறுத்துப் பார்த்தால், குறைந்த எடை எங்கே போனது என்ற கேள்வி தானே வரும். ஆவியாதல் என்ற சொல் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இப்படி நாங்கள் வெளியே போகப் போக, ஊர் உள்ளே வர ஆரம்பித்தது. கண்மாய்க்குக் கூட வந்த தாத்தா, பள்ளித் தோட்டத்துக்கு வேலி கட்ட முள் கொண்டுவந்தார். கை கழுவும் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் அம்மாக்கள் வாழையும் கீரையும் வைத்தார்கள். முருங்கைக் கீரையைச் சத்துணவு சாம்பாரில் போட்டார்கள். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, ஊர்ப் பெண்களே காலையில் வந்து சமைக்கிறார்கள். கண்மாய்க் கரையில் பனைவிதை ஊன்ற இளைஞர்கள் வந்தார்கள். பாட்டிமார் மதியம் கதை சொன்னார்கள். அக்டோபர் 2, ஜனவரி 26 கிராம சபைகளில் பிள்ளைகள் தங்கள் மழைக் கணக்கை வாசித்தார்கள். பெரியவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். கண்மாய் வரத்துக்கால் அடைபட்டிருப்பதைப் பற்றிய பேச்சு அங்கிருந்தே தொடங்கியது.

ஊர் பள்ளியைத் தாங்குவது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் காமராஜர் நாடாளுமன்றத்துக்குப் போனது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்துதான். அவர் முதலமைச்சரான பிறகு, 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது அதில் ஊர் மக்களின் பங்கும் இருந்தது. 1958 முதல் அன்றைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டித் தந்தார்கள், பெஞ்சும் கரும்பலகையும் வாங்கித் தந்தார்கள். நம் அரசுப் பள்ளிகள் பலவற்றின் சுவரில் ஊரார் கொடுத்த செங்கல் இருக்கிறது. ஊருக்கும் பள்ளிக்கும் இடையிலிருந்த அந்த உறவைப் புதுப்பிக்க வேண்டும். வெளியே நடத்தும் பாடம் அதற்கு நல்ல வழி.

தடைகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. கண்மாயில் சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் மறைந்து கிடக்கும். அதனால் பிள்ளைகள் கரையை விட்டு இறங்கக் கூடாது. ஆசிரியரோடு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேராவது கூட வர வேண்டும். யானை நடமாட்டம் உள்ள அடிவாரத் தோப்புகளுக்கு வனத்துறையைக் கேட்காமல் போகவே கூடாது. பங்குனி, சித்திரை வெயிலில் பள்ளி மரத்தடியைத் தாண்ட வேண்டியதில்லை. இன்னொரு தடை பெற்றோரின் கவலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வேனில் ஏறி டவுன் பள்ளிக்குப் போகும்போது, தன் பிள்ளை கண்மாய்க் கரையில் கல் பொறுக்குகிறதே என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அந்தத் தாயைக் கேட்க வைக்க வேண்டும். வெளியே போய் வந்த ஒவ்வொரு நாளும் எழுத்தாகவும் கணக்காகவும் நோட்டில் ஏற வேண்டும். அப்படி ஏறாவிட்டால் அது உல்லாசப் பயணம் மட்டுமே. அப்போது அந்தத் தாயின் கவலைதான் சரி.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சிறிய பள்ளிகளைச் சுமையாகப் பார்க்கும் பேச்சு இப்போது அடிக்கடி கேட்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர்களை உறுதி செய்கிறது. வீட்டுக்கு அருகிலேயே பள்ளி வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் அடிப்படை. இருபத்தைந்து பிள்ளைகளைக் கைபிடித்துக் கண்மாய்க்குக் கூட்டிப்போக முடியும். முந்நூறு பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. ஒவ்வொரு பிள்ளையின் தாத்தாவும் என்ன வேலை பார்த்தார் என்று ஆசிரியருக்குத் தெரிவது சிறிய பள்ளியில்தான். பெரிய கட்டணம் வாங்கும் பள்ளிகள் இயற்கையோடு கல்வி என்று விளம்பரம் செய்து விற்பது, இந்த ஊர்ப் பிள்ளைக்கு வாசலிலேயே இருக்கிறது. சிறிய பள்ளி சிறியதாக இருப்பதே அதன் பலம். அதை மூடுவது ஓர் ஊரின் கண்மாயைத் தூர்ப்பதற்குச் சமம்.

ஆகவே இதை வாசிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு ஒரு வேலைநாள் காலையில் போங்கள். தலைமையாசிரியரைப் பார்த்து, உங்களுக்குத் தெரிந்த தொழில் எதுவோ, அது உழவோ, தறியோ, தச்சோ, சமையலோ, அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் உறுப்பினர் என்றால், அடுத்த கூட்டத்தில் மாதம் ஒரு காலை வெளியில் பாடம் என்று தீர்மானம் போட்டு, கூட வரும் பெரியவர்கள் யார் யார் என்று பெயர் எழுதுங்கள். கல்வி அதிகாரிகள் அந்தக் காலையைப் பாடவேளையாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் எதுவும் தேவையில்லை. கூட நடக்கப் பெரியவர்கள் வேண்டும்.