நுரையும் சுண்ணாம்பும்

ஒப்பிட்டுத்தான் ரசனை வளரும் என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. எதை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்று கேட்டுக்கொள்வதுதான் குறைவு. சென்ற கோடையில் பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில், வெவ்வேறு சமயங்களில் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த மூன்று நுரைக்கும் ஒயின்களைத் திறந்தபோது இது எனக்கு உறைத்தது. இத்தாலியின் புரசெக்கோ, ஸ்பெயினின் காவா, பிரான்ஸின் ஷாம்பெய்ன். நாங்கள் நாலு பேர், எவர்சில்வர் தம்ளர்கள்.

புரசெக்கோ பெரும்பாலும் மூடிய பெருந்தொட்டியில் இரண்டாம் முறை நொதிக்கிறது. பழவாசனை கெடாமல் இருக்கிறது. நுரை சீக்கிரம் அடங்குகிறது. மற்ற இரண்டுக்கும் இரண்டாம் நொதிப்பு அந்தந்தப் புட்டிக்குள்ளேயே. காவா குறைந்தது 9 மாதமும் ஷாம்பெய்ன் 12 மாதமும் செத்த ஈஸ்ட்டின் வண்டலோடு கிடக்கவேண்டும். ஷாம்பெய்ன் புட்டிக்குள் அழுத்தம் ஏறக்குறைய 6 வளிமண்டலம். மெல்லிய குமிழ், கூர்மையான புளிப்பு, பிறகு வண்டல் விட்டுச்சென்ற ஒரு வாசனை. பிரெஞ்சுக்காரர்கள் அதை வெண்ணெய் ரொட்டி என்கிறார்கள். என் நாக்கில் வந்தது, கள் விட்டுப் புளிக்கவைத்த ஆப்பமாவு.

சொன்னதும் என் வயதுக்காரர் தலையாட்டினார். இளையவர்கள் இருவரும் விழித்தார்கள். தமிழ்நாட்டில் 1987லிருந்து கள் இறக்கத் தடை. அதற்குப் பின் பிறந்தவர்கள் வீட்டு ஆப்பம் கடை ஈஸ்ட்டிலோ சோடா உப்பிலோ எழும்பியது. 'சோடா சுருக்குன்னு ஏறுதுல்லா, அந்த மாதிரி இருக்கு அண்ணாச்சி. அதுக்கு மேல என்ன சொல்லன்னு தெரியலை' என்றார் ஒருவர். இருக்கிற சொல்லை நேர்மையாகச் சொன்னார். சோடாவில் வாயுவை வெளியிலிருந்து ஏற்றுகிறோம். மற்றதில் ஓர் உயிர் அதை உண்டாக்குகிறது. அந்த வித்தியாசத்தை அவர் நாக்கு அறிய வழியில்லை.

தாமிரபரணிக்குத் தெற்கே சாத்தான்குளம், உடன்குடி தேரிப் பக்கம் பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர்; தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு நொதிப்பைத் தடுத்துவிடுகிறது. ஷாம்பெய்ன் பிரதேசத்திலும் நிலம் பெரும்பகுதி சுண்ணாம்புதான். திராட்சை வேர் அதில் இறங்குகிறது. ரேன்ஸ் நகரில் பழைய சுண்ணாம்புக் குழிகளிலேயே புட்டிகளை அடுக்கி நொதிக்கவிடுகிறார்கள். அங்கே நுரைக்கு வீடாக இருப்பது இங்கே நுரையைப் பிறக்கவிடாமல் செய்கிறது. கள் மறுநாளைக்கு நிற்பதில்லை, காடியாகிவிடும். அதை அடைத்துக் காப்பாற்றக் கனத்த கண்ணாடியும் தக்கையும் கம்பியும் நம்மிடம் வரவில்லை. அது தங்கியிருந்த இடம் குடித்தவர்களின் ஞாபகம் மட்டும்.

தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். குடியால் அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். நான் சொல்ல வருவது அளவுகோலைப் பற்றி. வெண்ணெய் ரொட்டி பிரெஞ்சுக்காரனுக்குச் சமையலறையிலிருந்து வந்த சொல். அதைப் புத்தகத்தில் படித்துவிட்டு இங்கே ஒருவர் திருப்பிச் சொன்னால் அது தீர்ப்பாகத் தொனிக்கும், அனுபவம் ஆகாது. நம் விமர்சனத்தில் இப்படிச் சொல்லப்பட்ட வாக்கியங்கள் எத்தனை என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றில் எனக்குப் பிடித்தது காவா. இளையவர்களிடம், செங்கோட்டை தாண்டிக் கேரளத்தில் ஒரு கள்ளுக்கடைக்குப் போய்வரச் சொல்லியிருக்கிறேன். அங்கே பெரும்பாலும் தென்னங்கள்தான். தேரிப் பனையின் ருசி அதில் இராது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கென்று ஒன்று இருக்கும்.