நெடுஞ்சுரத்தின் வேலை

எங்கள் ஐவர் குழுவில் ‘இன் நாமினே’ வாசிக்கப் பங்கு பிரிக்கும்போது, நெடுஞ்சுரப் பங்கை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். அந்தத் தாளில் பார்க்க ஒன்றுமிருக்காது. ஏறக்குறைய எல்லாச் சுரமும் ஒரே நீளம். மற்ற நால்வரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். நடுவில் நான் ஒரே சீராக நடப்பேன். வில்லால் வாசிக்கும் வயோலா ட காம்பாவில் எனக்கு இன்றும் கடினமான வேலை இந்த நடைதான்.

இந்த நடைக்கு வழி போட்டவர் 1545இல் இறந்த இசையமைப்பாளர் ஜான் டேவர்னர். ‘குளோரியா டிபி டிரினிடாஸ்’ என்ற பழைய தேவாலய மெட்டின்மேல் அவர் ஒரு திருப்பலி இசையை அமைத்தார். அதில் ‘இன் நாமினே டோமினி’ என்ற சொற்கள் வரும் நான்கு குரல் பகுதி மட்டும் தனியே பிரிந்து வாத்தியக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. அதன்பின் ஆங்கிலேய இசையமைப்பாளர்கள் அதே மெட்டை நெடுஞ்சுரப் பங்காக வைத்து, அதைச் சுற்றி ‘இன் நாமினே’ என்ற பெயரிலேயே புதிது புதிதாக எழுதினார்கள். கிறிஸ்டஃபர் டை மட்டுமே இருபதுக்கு மேல் எழுதினார். 1680 வாக்கில் இளைஞர் ஹென்றி பர்செலும் எழுதினார்.

நெடுஞ்சுரம் வில்லில்தான் உயிரோடு இருக்கும். காம்பா வில்லை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கப் பிடிக்கிறோம். விரல் வில்மயிரையே தொட்டு, வாசிக்கும்போதே அதன் விறைப்பைக் கூட்டிக் குறைக்கிறது. செலோவுக்கு மாறாக, இங்கே பலம் தள்ளும் வீச்சில். குடல் நரம்பு சட்டென்று பேசாது. முதலில் வில் நரம்பைக் கவ்வ வேண்டும், பிறகு விட வேண்டும். சோகமான சொல்லுக்கும் இசைக்கும் வில்லை மென்மையாக ஓட்டச் சொல்லி வெனிஸில் 1542இல் தன் காம்பா பயிற்சி நூலில் சில்வெஸ்ட்ரோ கனாசி எழுதினார். சொல் இல்லாத இசையிலும் எனக்கு அது பொருந்துகிறது.

தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு சுரத்தையும் நானே அழகாக்கப் பார்த்தேன். மெல்லத் தொடங்கி, நடுவில் பெருக்கி, முடிவில் தேயவிட்டேன். சேர்ந்திசை குலுங்கியது. பிறகுதான் எனக்குக் கீழே ஒலிப்பதைக் கேட்கக் கற்றுக்கொண்டேன். நான் பிடித்திருப்பது ‘டி’ சுரம் என்று வையுங்கள். பேஸ் காம்பாவும் டியில் நின்றால் அது ஆதாரம். பேஸ் ஜிக்குப் போனால் பஞ்சமம். பி ஃபிளாட்டுக்கு இறங்கினால் அதுவே அந்தர காந்தாரமாகிவிடும். சில சமயம் பக்கத்துச் சுரம் வந்து என்மேல் உரசும்; அப்போது நகராமல் நிற்க வேண்டும். என் விரல் அசையவில்லை, சுரத்தின் பொருள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் காந்தாரம் இனிக்க வேண்டுமென்றால் வாத்தியத்தின் மெட்டுகள் சரியாக இருக்க வேண்டும். கழுத்தில் ஏழு மெட்டுகள், அவையும் குடல் நரம்பைச் சுற்றிக் கட்டியவை, நகர்த்தலாம். அதனால் ஆறு தந்திகளுக்குச் சுருதி சேர்த்தபின் மெட்டுகளையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்துவோம். ஐந்து வாத்தியமும் ஒப்பும்வரை ஒருவரும் பாட்டைத் தொடங்க மாட்டோம்.

டை எழுதியவற்றில் ‘டிரஸ்ட்’ என்று பெயர் கொண்ட ஒன்று ஐந்து எண்ணிக்கையில் போகிறது. ‘தக தகிட’ என்று மனசுக்குள் எண்ணியபடி ஒவ்வொரு சுரத்தையும் ஐந்துக்கும் நீட்டுகிறேன். நாலாவது எண்ணிக்கையில் வில் தளரப் பார்க்கும். ஓடுகிறவர்கள் நால்வரும் அங்கே என்மேல்தான் சாய்ந்திருக்கிறார்கள். விரலால் மயிரைக் கொஞ்சம் இறுக்கி, ஐந்தையும் கடத்திக்கொடுத்து, அடுத்த சுரத்துக்கு நகர்கிறேன்.