நடந்துதான் வருவேன்

என் மனைவிக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர், "தினமும் அரைமணி நேரம் நடக்கணும்மா" என்றார். "வேலையில்லாம தெருவில நடந்தா நாலு பேரு என்ன சொல்வாங்க?" என்று மறுத்துவிட்டாள். எனக்குக் கவலை. அவள் அம்மா சர்க்கரையால் ஒரு காலை இழந்தவர்.

ஒரு கிருத்திகையன்று கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணிக்குப் போனோம். வருடத்தின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள். ஆட்டோவில் போகலாம் என்றேன். "முருகனைப் பார்க்க நடந்துதான் வருவேன்" என்றாள். ஏழெட்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி முடித்தாள்.

மறுநாள் விடியற்காலையில் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். கோயிலுக்கு நடக்கிற பெண்ணை யார் கேட்கப்போகிறார்கள்? பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்கள் கணக்கு பதினோரு சுற்று.

இப்போது முழங்கால் வலியோடு பின்தங்குவது நான்தான். அவள் நின்று, "மெதுவா வாங்க" என்கிறாள்.