கேப் காட் கடற்கரையில் கண்ணுக்குத் தெரியாத வேலை

பாஸ்டன் பக்கம் இருக்கும் நம்ம ஆட்கள் பலருக்கும் கேப் காட் பழக்கமான இடம். கோடை வந்தா புளிசாதம், குடை, குழந்தைகளோட கிளம்பிடுவோம். அந்தக் கரையில் சுமார் 40 மைல் நீளம் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கீழ் இருக்கு. 1961-ல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம்தான் அதைக் காப்பாத்தியது. இல்லேன்னா ஓட்டலும் பங்களாவுமா நிறைஞ்சிருக்கும்.

2025 பிப்ரவரி 14 அன்று தேசியப் பூங்காத் துறையில், தகுதிகாண் பருவத்தில் இருந்த சுமார் 1,000 பேரை வேலையை விட்டு அனுப்பினாங்க. அப்புறம் கோர்ட் தலையிட்டது. ஆனா முன்கூட்டியே ஓய்வு, ராஜினாமான்னு போனவங்க திரும்பி வரல. பூங்காக்களுக்காகக் குரல் கொடுக்கும் ஒரு சங்கத்தின் கணக்குப்படி, அந்த ஜூலைக்குள் நிரந்தர ஊழியர்கள் 24 சதவீதம் குறைஞ்சிருந்தாங்க. 2026 பட்ஜெட்டில் வெள்ளை மாளிகை கேட்டது இன்னும் 100 கோடி டாலருக்கு மேல் வெட்டு. முந்தைய ஆண்டு, அதாவது 2024-ல், பூங்காக்களுக்கு வந்த கூட்டம் 33 கோடிக்கும் மேல். அதுவரை இல்லாத அளவு!

"கேட் திறந்துதானே இருக்கு, என்ன குறைஞ்சுபோச்சு?"ன்னு நண்பர்கள் கேட்கிறாங்க. எங்க தொழிலில் தினமும் கேட்கிற கேள்விதான். தடுப்பூசி போட்டதால் தட்டம்மை வராத ஊரில்தான் "ஊசி எதுக்கு டாக்டர்?"னு கேட்பாங்க.

அந்தக் கடலில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. எதிர்த்து நீந்தினா சோர்ந்துபோவோம். கரைக்கு இணையா நீந்தி அதிலிருந்து விலகணும். மூழ்குறவங்க சினிமாவில் வர்ற மாதிரி கத்த மாட்டாங்க. மூச்சு விடவே நேரம் இருக்காது, கத்துறது எங்கே? அதனாலதான் தண்ணீரை விட்டுக் கண் எடுக்காத லைஃப்கார்ட் வேணும். அவங்க பருவகால ஊழியர்கள். 2025 ஜனவரியில் பணி நியமனத்துக்குத் தடை வந்தப்போ பூங்காத் துறையில் பருவகால வேலைக்கான கடிதங்களையும் ரத்து செஞ்சாங்க. பிறகு விலக்கு கொடுத்தாலும் ஆள் எடுப்பது தள்ளிப்போச்சு. கோடை நமக்காகத் தள்ளிப்போகுமா?

சுறா விஷயமும் இருக்கு. 2018 செப்டம்பரில் வெல்ஃப்ளீட்டில் ஒருவர் சுறா கடித்து இறந்தார். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தா சில நிமிஷம்தான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இறுக்கிக் கட்டத் தெரிஞ்ச ஆள் மணலில் நிக்கணும். ஆஸ்பத்திரியில் நான் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் அந்த நேரத்துக்கு உதவ மாட்டேன்.

மணலில் சின்னக் குழி பறிச்சு முட்டையிடும் பைப்பிங் ப்ளோவர், நம்ம ஊர் உப்புக்கொத்தி இனம், அதுக்குக் கயிறு கட்டி வேலி போடுறதும் இதே ஆட்கள்தான்.

சரி, நாம என்ன செய்யலாம்? அமெரிக்காவில் குடியிருந்தா 80 டாலர் ஆண்டு பாஸ் வாங்குங்க. பூங்காவில் வசூலாகும் கட்டணத்தில் குறைஞ்சது 80 சதவீதம் அங்கேயே தங்கும். ஆனா அதுவும் நன்கொடையும் பெரும்பாலும் நிரந்தர ஊழியர் சம்பளத்துக்குப் போகாது. அதுக்குக் காங்கிரஸ்தான் பணம் ஒதுக்கணும். ஓட்டுரிமை இருக்கிறவங்க உங்க பிரதிநிதி அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. என்னைக் கேட்டா, இதுதான் முதல்ல செய்ய வேண்டியது.

போனா லைஃப்கார்ட் இருக்கும் பகுதியில் மட்டும் குளிங்க. பறவை வேலியைத் தாண்டாதீங்க. திரும்பி வந்ததும் குழந்தைகளுக்கு முழங்கால் பின்பக்கம், அக்குள், காது ஓரம் உண்ணி இருக்கான்னு பாருங்க. அங்கே லைம் நோய் உண்டு.