தூல்பேட்: பிள்ளையாரும் பொட்டலமும்

சார்மினார் பக்கமிருந்து மூசி நதியைக் கடக்க, 1578-இல் கட்டிய புரானா புல் என்ற பழைய பாலம் இருக்கிறது. ஹைதராபாத் நகரத்தைவிட 13 வயது மூத்தது. வண்டிகள் பக்கத்துப் புதுப்பாலத்தில் ஓட, பழையதன் மேல் காய்கறி விற்கிறார்கள். அதைத் தாண்டி ஜும்மேராத் பஜார் வழியாக மங்கள்ஹாட் பக்கம் நடந்தால், தார்ப்பாய்க் கொட்டகைகளுக்குள் வண்ணம் பூசாத பிள்ளையார்கள் வெள்ளை வெளேரென்று நிற்பார்கள். சிலருக்குத் தும்பிக்கை இன்னும் காயவில்லை. சிலருக்குக் கை மட்டும் தனியாகச் சாக்கின் மேல் கிடக்கிறது. இதுதான் தூல்பேட்.

'தூல்' என்றால் அங்கே புழுதி. தமிழில் 'தூள்' என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு. அந்த அர்த்தத்தில்தான் இந்தப் பேட்டையின் பெயர் ஹைதராபாத் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது.

இங்கே பெரும்பாலும் லோத் இனத்தவர் வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது இந்தி. வடக்கிலிருந்து முகலாயப் படையோடு வந்தவர்கள் என்று ஒரு கதை, நிஜாமின் படைக்கு வந்தவர்கள் என்று இன்னொரு கதை. படை போய்விட்டது, மனிதர்கள் தங்கிவிட்டார்கள். ஆவணியில் பிள்ளையார், அதற்கு முன்னால் ராக்கி, சங்கராந்திக்குப் பட்டமும் மாஞ்சாவும் என்று பண்டிகைகளை நம்பிய பிழைப்பு. இடைப்பட்ட மாதங்களுக்கு குடும்பா. கறுப்பு வெல்லத்தையும் படிகாரத்தையும் ஊறவைத்துக் காய்ச்சும் நாட்டுச் சரக்குக்கு அங்கே அதுதான் பெயர்.

1993-இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. நெல்லூர் மாவட்டப் பெண்கள் நடத்திய போராட்டத்தின் வெற்றி அது. 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் முழு மதுவிலக்கையே கொண்டுவந்தார். 1997-இல் அது தளர்ந்தது. மலிவுச் சாராயம் சட்டப்படி கிடைக்காத ஊரில் குடும்பாவுக்கு ஆள் பஞ்சமில்லை. தெலங்கானா பிறந்த பிறகு 2015, 2016-இல் குடும்பா ஒழிப்பு தீவிரமானது. அடுப்புகள் உடைந்தன, கறுப்பு வெல்லம் பறிமுதலானது. தொழிலை விட்டவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டமும் வந்தது. அடுப்பு அணைந்தது உண்மை. ஆனால் அதே சந்துகளில் கஞ்சா பெருகியது. காய்ச்ச வேண்டாம், புகை வராது, நாற்றம் காட்டிக்கொடுக்காது, மடியில் அடங்கும். சரக்கை மாற்றியவர்களுக்கு வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருக்கவில்லை.

கஞ்சா இங்கே விளைவதில்லை. ஆந்திர-ஒடிசா எல்லையில், சீலேரு, சிந்தப்பள்ளி, மல்கான்கிரி மலைகளில் விளைந்து, காய்ந்து, செங்கல் போல இறுகிய கட்டிகளாகப் பத்ராசலம் வழியாக வருகிறது. 2021, 2022-இல் ஆந்திர போலீஸ் 'பரிவர்த்தனா' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் செடிகளை அழித்தது; 2022 பிப்ரவரியில் சுமார் 2 லட்சம் கிலோவைக் குவித்து எரித்தது. அதற்குப் பிறகும் வரத்து நிற்கவில்லை.

சட்டம் மத்திய அரசுடையது. 1985 நவம்பர் 14-இல் அமலுக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதற்கு முன் பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளிலேயே கஞ்சா விற்றது. 1961-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டபோது பழக்கத்தை ஒழிக்க 25 ஆண்டு அவகாசம் இருந்தது. அது முடியும் தறுவாயில் சட்டம் வந்தது. ஒரு விசித்திரம்: சட்டத்தின் கண்ணில் பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. வடக்கே ஹோலிக்குப் பாங்கு அரைப்பது இந்த இடுக்கு வழியாகத்தான்.

மற்றதெல்லாம் தராசு. ஒரு கிலோ வரை 'சிறிய அளவு': அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு': குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20; ஜாமீன் குதிரைக்கொம்பு. இரண்டுக்கும் நடுவில் 10 ஆண்டு வரை. ஆகவே எடை போடும் நேரமே வழக்கின் உயிர். காம்பையும் இலையையும் விதையையும் சேர்த்து எடைபோட்டார்கள், கழித்தால் 20 கிலோ தேறாது என்று வாதாடி ஜாமீன் வாங்கியவர்கள் உண்டு. லாரியில் கொண்டு வருபவனுக்கு அந்த வாதத்தைச் சொல்ல வக்கீல் கிடைப்பார்.

தூல்பேட் சந்தில் சிக்குவது ஐந்து, பத்து கிராம் பொட்டலங்கள். பிடிபடுவோரில் பெண்களும் உண்டு. சிறிய அளவு என்பதால் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறார்கள் என்பது அதிகாரிகளின் அலுப்பு. அதற்கும் கைவசம் ஒன்று இருக்கிறது: 1986-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டம். போதைப்பொருள் குற்றவாளி என்று முத்திரை குத்தி, விசாரணையின்றியே ஓராண்டு உள்ளே வைக்கலாம். நீதிமன்றம் கிலோக் கணக்கில் அளந்து தரும் தண்டனையை இது ஒரே வீச்சில் தாண்டிவிடுகிறது. இது நியாயமா என்ற கேள்வி தெருவில் எழுவதில்லை. எழுப்புபவர் மேலேயே சந்தேகம் விழும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. ரெய்டைப் போல அது ஊருக்குத் தெரிந்த செய்தி அல்ல.

2024 ஜூலையில் கலால் துறை 'ஆபரேஷன் தூல்பேட்' என்று பேட்டையின் பெயரையே வைத்து வேட்டையைத் தொடங்கியது. ஆகஸ்ட் முடிவதற்குள் கஞ்சாவைத் துடைத்துவிடுவதாகத் திட்டம். கைதுகள் அதற்கு அடுத்த ஆண்டும் தொடர்ந்தன. 2025 ஜூனில் மாநிலப் போதைத் தடுப்புப் பிரிவுக்கு 'ஈகிள்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள்.

பண்டிகைத் தொழிலாவது நிம்மதியா என்றால், அதையும் சட்டம் தொடாமலில்லை. நைலான் மாஞ்சாவுக்கு 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. பிளாஸ்டர் பிள்ளையாரை ஹுசைன் சாகரில் கரைக்கக் கூடாதென்று 2021-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஓராண்டுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் விலக்களித்தது. இரண்டு உத்தரவுகளிலும் காரணம் நியாயமானதுதான். களிமண்ணில் பிடித்தால் பிள்ளையார் அத்தனை உயரம் நிற்கமாட்டார், விலையும் ஏறும். வாங்குபவர்கள் கேட்பதோ உயரத்தை.

விசர்ஜனம் முடிந்ததும் கொட்டகைகள் காலியாகிவிடும். சங்கராந்திப் பட்டத்துக்குக் காகிதம் வெட்டத் தொடங்க இன்னும் சில மாதங்கள் இருக்கும்.