காப்பியடித்த சம்பளம்

நான் காப்பியடித்துச் சம்பளம் வாங்கியவன். நியமனக் கடிதத்தில் ‘ப்ராடக்ட் அனலிஸ்ட்’ என்று போட்டிருந்தது. செய்த வேலை இதுதான்: போட்டிக் கம்பெனிகளின் ஆப்களை ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இறக்கி, பொத்தான் பொத்தானாக அழுத்திப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவர்களிடம் இருப்பது எது, நம்மிடம் இல்லாதது எது என்று எக்செல்லில் ஏற்ற வேண்டும். அந்தப் பட்டியலின் தலையில் இருப்பவை கொஞ்ச நாளில் எங்கள் ஆப்பில் முளைத்துவிடும். இதில் எனக்கு அன்றைக்கும் வெட்கம் இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை.

கோவை சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மாடியில் இயங்கிய சின்னக் கம்பெனி அது. எங்கள் ஆப், தமிழ்க் காலண்டர். ராகுகாலம், எமகண்டம், கௌரி நல்ல நேரம், முகூர்த்த நாள், விரத நாள், ராசிபலன், அடியில் ஒரு விளம்பரப் பட்டை. இதே சரக்கோடு ப்ளே ஸ்டோரில் வரிசையாக ஆப்கள் இருந்தன. ஒருவர் நல்ல நேரத்தைப் போனின் முகப்பிலேயே காட்டும் விட்ஜெட் கொண்டுவந்தால், சீக்கிரமே அது எல்லோரிடமும் இருக்கும். ஒருவர் சந்திராஷ்டமத்துக்கு முதல் நாளே அறிவிப்பு அனுப்ப ஆரம்பித்தால் மற்றவர்களும் அனுப்புவார்கள். எங்கள் முதலாளி காலையில் வந்ததும் கேட்கும் கேள்வி: “ஏங்கண்ணு, அவிய ஆப்புல இருக்குது, நம்முதுல ஏன் இல்ல?” ராகுகாலத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாதே.

பெரிய தலைகளும் இதையே செய்தார்கள் என்பது எனக்குத் தெம்பாக இருந்தது. போட்ட படம் 24 மணி நேரத்தில் தானாக மறைந்துபோகும் ‘ஸ்டோரீஸ்’ வசதியை ஸ்னாப்சாட் 2013 அக்டோபரில் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே, 2012 டிசம்பரில், ஸ்னாப்சாட்டைப் பார்த்து ஃபேஸ்புக் ‘போக்’ என்றோர் ஆப்பை விட்டுப் பார்த்திருந்தது, எடுபடவில்லை. 2016 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஃபேஸ்புக் வசமிருந்த இன்ஸ்டாகிராமும் ஸ்டோரீஸ் தொடங்கியது. பெயரைக்கூட மாற்றவில்லை. இன்ஸ்டாகிராம் நிறுவனர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ராம், இதன் பெருமை முழுக்க ஸ்னாப்சாட்டுக்கே என்று பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொன்னார். 2017 பிப்ரவரியில் வாட்ஸாப் ஸ்டேட்டஸ், மார்ச்சில் ஃபேஸ்புக் ஸ்டோரீஸ். ஸ்னாப்சாட் என்ற பெயரையே கேட்டிராத நம் சித்தப்பாக்கள் காலையில் முருகன் படத்தோடு வைக்கும் ஸ்டேட்டஸின் பூர்விகம் அதுதான். இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று தடை செய்யப்பட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

எதிர்க்கடை போண்டா பெரிதாக இருக்கிறதென்று நம் போண்டாவைப் பெரிதாக்குவது போலத்தான் இதெல்லாம் என்று நினைத்திருந்தேன். வாடிக்கையாளர் எதிர்க்கடையில் என்ன வாங்கினார் என்று அவர் பையைத் துழாவிப் பார்க்கவும் முடியும் என்பது எனக்குத் தெரிய வந்தது, ஒரு விளம்பர நிறுவனத்தின் விற்பனையாளர் எங்கள் மாடிக்கு ஏறி வந்தபோது.

அவர் கொண்டுவந்தது ஓர் எஸ்.டி.கே. அதாவது, எங்கள் ஆப்புக்குள் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டிய ஆயத்த நிரல். ஒட்டினால் விளம்பர வருமானம் கூடும், கூடவே ‘போட்டி அறிக்கை’ இலவசம் என்றார். அந்த அறிக்கை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். அன்றைய ஆண்ட்ராய்டில் எந்த ஆப்பும் அந்தப் போனில் வேறு என்னென்ன ஆப்கள் இருக்கின்றன என்ற முழுப் பட்டியலையும் கேட்டு வாங்கலாம். அதற்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. திரையில் எந்தக் கேள்வியும் எழாது. பெரியவர்களும் செய்ததுதான். ட்விட்டர் தன் பயனர்களின் போனில் உள்ள ஆப் பட்டியலைச் சேகரிக்கப்போவதாக 2014 நவம்பரில் அறிவித்தே செய்தது.

ஒட்டினோம். முதல் அறிக்கை வந்த நாளில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பயனர்களில் எத்தனை பேர் இன்னொரு காலண்டரும் வைத்திருக்கிறார்கள், யார் எங்களைத் தூக்கிவிட்டு அங்கே போனார்கள், அவர்கள் எந்த அப்டேட்டுக்குப் பிறகு போனார்கள், எல்லாம் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குருட்டாம்போக்கில் ஊகித்துக்கொண்டிருந்தவனுக்கு விடைத்தாளே கையில் கிடைத்த மாதிரி. எதைக் காப்பியடிப்பது என்று இனி யோசிக்கவே வேண்டாம்.

சுருக்க அறிக்கைக்கு அடியில் மூலத் தரவும் வந்தது. பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. ஒவ்வொரு வரியின் தலையிலும் நீளமான ஓர் அடையாளக் குறி, பிறகு அந்தப் போனில் உள்ள ஆப்களின் பெயர்கள். சாயங்காலம் வேலை முடிந்தபிறகு நான் அதைக் கதைப் புத்தகம் போல வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு போனில் எங்கள் காலண்டர், ஒரு திருமணத் தகவல் ஆப், பொருத்தம் பார்க்கும் ஆப்: வரன் தேடும் வீடு. இன்னொன்றில் உடனடிக் கடன் தரும் ஆப் ஒன்று இருந்தது. அடுத்த அறிக்கையில் இன்னும் சில சேர்ந்திருந்தன. அதற்கடுத்ததில் வங்கி ஆப் காணாமல் போயிருந்தது. ஒரு போனில் கர்ப்ப காலத்தை வாரவாரமாகக் கணக்கிடும் ஆப். அடுத்த முறை பார்த்தபோது அது இல்லை. குழந்தை பிறந்து நீக்கியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் காலண்டரில் விரத நாள் பார்க்கிறார்களா, முகூர்த்த நாள் பார்க்கிறார்களா என்பதும் எங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று மனசு கணக்குப் போட்டது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். நிறுத்தியது, எங்கள் ஆண்ட்ராய்டு நிரலை எழுதிய அக்கா. என் திரையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இவிய நம்மகிட்ட ராகுகாலம் பாக்கத்தான வந்தாங்க?”

முதலாளியிடம் போனோம். பாலிசியில் எல்லாம் போட்டிருக்கிறதே என்றார். போட்டிருந்தது உண்மை. முழுக்கத் தமிழில் இயங்கும் ஆப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு பிரைவசி பாலிசி. அதுவும் வேறோர் ஆப்பிலிருந்து நானே எடுத்துப் பெயரை மாற்றியது. எங்களிடம் இல்லவே இல்லாத கேமரா வசதியைப் பற்றியும் அதில் ஒரு பத்தி இருந்தது. யாரும் படித்துக் கேட்டதில்லை. அடுத்த அப்டேட்டில் அக்கா அந்த எஸ்.டி.கே.யை எடுத்தார். விளம்பர வருமானம் இறங்கியது. அதற்கடுத்த அப்டேட்டில் திரும்பப் போடச் சொன்னார்கள், போட்டார்.

ஒனாவோ பற்றிய செய்திகளை நான் விடாமல் வாசித்ததற்கு இந்த அனுபவம்தான் காரணம். இஸ்ரேலில் தொடங்கப்பட்ட அந்தச் சிறு நிறுவனத்தை 2013 அக்டோபரில் ஃபேஸ்புக் வாங்கியது. ‘ஒனாவோ ப்ரொடெக்ட்’ என்பது அதன் இலவச வி.பி.என். ஆப். உங்கள் தகவலைக் காப்போம் என்று சொல்லித்தான் அதைப் போடச் சொன்னார்கள். வி.பி.என். வேலை செய்யும் விதப்படி, போனிலிருந்து வெளியே போகும் எல்லாமே முதலில் அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் மேலே போகும். வழியில் நிற்பவருக்கு, எந்த ஆப்பை எவ்வளவு பேர், எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பிரிட்டன் நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களில், வாட்ஸாப்பின் வளர்ச்சியை ஒனாவோ தரவை வைத்து அளந்த வரைபடங்கள் இருந்தன. 2014 பிப்ரவரியில் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸாப்பை வாங்குவதாக அறிவித்தபோது, இவ்வளவு விலையா என்று உலகம் வாயைப் பிளந்தது. வாங்கியவர்களிடம் கணக்கு இருந்தது.

ஸ்னாப்சாட்டில் ஒரு சிக்கல். அதன் போக்குவரத்து குறியாக்கம் செய்யப்பட்டிருந்ததால் வழியில் நின்றும் உள்ளே பார்க்க முடியவில்லை. 2016 ஜூனில் மார்க் ஸக்கர்பர்க் எழுதிய ஒரு மின்னஞ்சல், கலிஃபோர்னியாவில் விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கின் வழியே 2024 மார்ச்சில் வெளியே வந்தது. குறியாக்கம் காரணமாக ஸ்னாப்சாட் பற்றிய தரவு நம்மிடம் இல்லை, நம்பகமான தரவு கிடைக்க ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதிலிருந்து பிறந்த திட்டத்துக்கு ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்னாப்சாட்டின் சின்னம் ஒரு பேய். வழக்கு ஆவணங்களின்படி, போனிலேயே ஒரு சான்றிதழை நிறுவி, ஸ்னாப்சாட் சர்வர் போல நடித்து, குறியாக்கத்தைப் பிரித்துப் பார்ப்பது வழி. பிறகு யூடியூபுக்கும் அமேசானுக்கும் அதை நீட்டினார்கள். ஃபேஸ்புக்கின் பாதுகாப்புப் பொறியியல் தலைவரே, பொதுமக்கள் என்ன ஒப்புதல் தந்தாலும் இது சரியென்று வாதிடத் தன்னால் முடியவில்லை என்றும், இவையெல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று மக்களுக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் அக்காவின் முகம்தான் தெரிந்தது. கேள்வி ஒன்றுதான், ஆங்கிலமும் சம்பளமும் வேறு.

ஸ்டோரீஸைக் காப்பியடிக்க ஃபேஸ்புக்குக்கு ஒனாவோ தேவையே இல்லை. ஸ்டோரீஸ் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் நானே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர்கள் தேடியது, போட்டியாளனின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்ற தகவல். அந்தத் தகவல் போட்டியாளனிடம் மட்டும் இல்லை, அவனைப் பயன்படுத்தும் மனிதர்களின் போனிலும் இருக்கிறது. அதனால் அங்கே போனார்கள். ‘காப்பியடித்துவிட்டான்’ என்று கம்பெனிகள் ஒன்றையொன்று திட்டிக்கொள்வது அவர்களுக்கே வசதியான சண்டை என்பது என் அபிப்பிராயம். அந்தச் சண்டையில் நமக்கு வேடிக்கை பார்க்கும் வேலை மட்டும்தான்.

கூகுளும் மைக்ரோசாஃப்டும் 2011 பிப்ரவரியில் போட்ட சண்டையும் இப்படித்தான். தன் தேடல் முடிவுகளைப் பார்த்து மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் எழுதுகிறது என்று சந்தேகப்பட்ட கூகுள், அர்த்தமே இல்லாத சுமார் 100 சொற்களை உருவாக்கி, அவற்றுக்குச் சம்பந்தமில்லாத பக்கங்களைத் தன் முடிவுகளில் வேண்டுமென்றே செருகியது. பிறகு தன் பொறியாளர்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், பிங் டூல்பாரோடு, அவற்றைத் தேட வைத்தது. சில வாரங்களில் ஏழிலிருந்து ஒன்பது சொற்களுக்கு அதே உளறல் முடிவுகள் பிங்கில் வந்தன. காப்பி என்றது கூகுள். பயனர்கள் தந்த தரவு, எத்தனையோ குறிப்புகளில் இதுவும் ஒன்று என்றது மைக்ரோசாஃப்ட். பொறியில் யார் மாட்டினார்கள் என்று பத்திரிகைகள் ரசித்து எழுதின. கூகுளில் நாம் தட்டும் சொல்லும், அமுக்கும் இணைப்பும் டூல்பார் வழியாக இன்னொரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பது அந்தக் கூத்தில் கிளைக்கதையாகப் போய்விட்டது.

ஒனாவோவை 2018 ஆகஸ்டில் ஆப்பிள் தன் ஸ்டோரிலிருந்து விலக வைத்தது. ஆனால் 13 வயதுச் சிறுவர்கள் உட்படப் பலருக்கு மாதம் 20 டாலர் வரை கொடுத்து, அதே மாதிரியான இன்னோர் ஆப்பை அவர்கள் போனில் ஃபேஸ்புக் நிறுவிக்கொண்டிருந்தது 2019 ஜனவரியில் அம்பலமானது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023 ஜூலையில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்குச் சேர்த்து 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. குற்றம், ரகசியம் காக்கும் ஆப் என்று விளம்பரம் செய்துவிட்டு, திரட்டுவதைத் தங்கள் வியாபாரத்துக்கும் பயன்படுத்துவதைச் சரியாகச் சொல்லாதது. ஸ்னாப்சாட்டைப் பார்த்தும் பரிதாபப்பட வேண்டாம். செய்திகள் மறைந்துவிடும் என்று சொன்னது முழு உண்மையில்லை, சொல்லாமல் தொடர்பு எண்களைச் சேகரித்தது என்ற புகார்களை அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2014 மே மாதம் சமரசம் பேசித் தீர்த்துக்கொண்ட கம்பெனிதான் அதுவும்.

எங்கள் மாடியில் நாங்கள் முடிக்காததை ஆண்ட்ராய்டு 11 முடித்துவைத்தது. 2020 செப்டம்பரில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, மற்ற ஆப்களின் முழுப் பட்டியலைக் கேட்க ஓர் ஆப் அதைத் தன் நிரலில் அறிவிக்க வேண்டும். பிறகு அதற்குத் தக்க காரணமும் காட்ட வேண்டும் என்று ப்ளே ஸ்டோர் விதி வந்தது. காலண்டருக்கு என்ன காரணம் காட்டுவது? புதுப் போன்கள் வர வர ‘போட்டி அறிக்கை’ மெலிந்துகொண்டே போய், கடைசியில் விற்பனையாளரும் மாடி ஏறுவதை நிறுத்திவிட்டார்.

நான் பழையபடி ஸ்கிரீன்ஷாட்டுக்குத் திரும்பினேன். இந்த முறை கூடுதலாக இன்னொன்றையும் படித்தேன்: போட்டி ஆப்களுக்கு விழுந்த ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள். யாரும் திருட வேண்டியதில்லை. கோபத்தில் பயனர்களே ஊரறிய எழுதியவை. “எழுத்து பொடிசா இருக்கு, கண்ணாடி போட்டாலும் தெரியல.” “விளம்பரம் வந்து ராகுகாலத்தையே மறைக்குது.” “அமாவாசைன்னு மட்டும் போட்டா போதுமா, எத்தனை மணிக்கு ஆரம்பிக்குதுன்னு போடுங்க.” மூலத் தரவின் அத்தனை வரிகளும் எனக்குச் சொல்லாததை இவை சொல்லின. கடன் ஆப் வைத்திருப்பவருக்கும் வரன் தேடுபவருக்கும் எங்களிடம் வேண்டியிருந்தது பெரிய எழுத்துதான். எழுத்தைப் பெரிதாக்கினோம். விளம்பரத்தைக் கீழே தள்ளினோம். திதி தொடங்கும் நேரத்தைச் சேர்த்தோம்.

கொஞ்ச காலம் கழித்து அந்தப் பொடி எழுத்துப் புகாருக்குக் கீழே போட்டி ஆப்காரர்கள் பதில் எழுதியிருந்தார்கள்: “உங்கள் மேலான ஆலோசனைப்படி எழுத்தைப் பெரிதாக்கியுள்ளோம்.” தேதியைப் பார்த்தேன். எங்கள் அப்டேட்டுக்குப் பிறகுதான்.